பள்ளியின் பெயர் விடைத்தாளில் இல்லை

கோவையில் மேல்நிலை, தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் கூடிய பயிற்சிக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



உயர்கல்வி வாய்ப்பில் பள்ளியின் பங்கு என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்டவர் எங்கள் பள்ளியில் ஒரு மாணவனின் தந்தை. பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு தயங்கி நின்றார். “ஏனுங்க சார், பையன நாமக்கல் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துனாத்தான் டாக்டருக்கு, இன்ஜினியருக்குப் போக முடியுமுங்களா? இல்ல, இங்கயே இருந்தாலும் ஆகுமுங்களா?” என்றார். அவர் விசைத்தறியில் கூலிக்கு நெய்பவர். இருந்த ஒன்றரை ஏக்கர் பூமியை அடமானம் வைத்துவிடலாமா என்கிற யோசனை அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது.

“இங்கேயே இருக்கட்டுமுங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எதை வைத்து அப்படிச் சொன்னோம் என்று யோசித்தேன். அன்று யோசித்ததன் தொடர்ச்சிதான் இந்தப் பேச்சு.

கொங்கு மண்டலத்தில் வேலை பார்த்த நமக்கு நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தென்மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்கிய காலம் அது. காரணம் எளிமையானது. 1984இல் கொண்டுவரப்பட்ட மாநில நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2007-08 முதல் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாமே. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறிவிடும்.

நுழைவுத்தேர்வு நீங்கியதால் பயிற்சி மையம் இல்லாத ஊர்களின் பிள்ளைகள் பயனடைந்தார்கள். அது உண்மை. ஆனால் அந்த அரை மதிப்பெண்ணைப் பிடிப்பதற்கென்றே ஒரு பழக்கமும் வளர்ந்தது. பல இடங்களில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே நடத்தினார்கள். தனியார் பள்ளிகள்தான் அப்படிச் செய்தன என்று சொல்லி நாம் கைகழுவிவிட முடியாது. தேர்ச்சி விகிதம் கேட்டு மேலிருந்து வந்த அழுத்தத்தில், நம் பள்ளிகள் சிலவற்றிலும் பதினொன்றாம் வகுப்பு ஓய்வு ஆண்டாக மாறியது. நானும் கணிதத்தில் சில பாடங்களை ஓட்டமாக ஓட்டியவன்தான்.

இதன் விலை 2017இல் தெரிந்தது. அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியாக நடந்தது. நீட் தேர்விலும் ஜே.இ.இ. தேர்விலும் ஏறக்குறையப் பாதிக் கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருபவை. இரண்டு ஆண்டு படித்தும் அந்தப் பாதியைத் தொடாத பிள்ளை, முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்தது. அதே ஆண்டில்தான் அரசு மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. 2018 மார்ச்சில் அந்தத் தேர்வு நடந்தது. புதிய பாடநூல்களும் 2018 முதல் வந்தன. இப்போது 2025ஆம் ஆண்டு மாநிலக் கல்விக் கொள்கையின்படி பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் இல்லை. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் நம் மீதுள்ள பொறுப்பு கூடிவிட்டது. பொதுத்தேர்வு இல்லாத வகுப்பை முழுமையாக நடத்துவது இனி நம் மனச்சாட்சியைப் பொறுத்தது.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். எந்தப் பள்ளியில் படித்தோம் என்பது பெரிய கல்வி நிறுவனங்களின் வாசலில் பார்க்கப்படுகிறதா?

நம் நாட்டில் நேரடியாகப் பார்க்கப்படுவதில்லை. நீட் விடைத்தாளிலோ ஜே.இ.இ. கணினித் திரையிலோ பள்ளியின் பெயர் கிடையாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளி தரும் பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, பிற செயல்பாடுகள், பெற்றோர் அங்கே படித்தார்களா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கின்றன. டெல்லியில் பிறந்த பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற 12 கல்வி நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே நுழைவுத்தேர்வு மதிப்பெண் பெற்ற இரண்டு பிள்ளைகளில், மிகப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை அங்கே சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். வசதியான தனியார் பள்ளிகள் தரும் பின்புலமும் அதில் ஒரு காரணம்.

அதே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் வேறொரு வழியைச் சட்டமாக்கியது. மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும், அந்தப் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பின்னாளில் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த விகிதம் குறைக்கப்பட்டாலும், அடிப்படை எண்ணம் தொடர்கிறது. ஒரு பிள்ளையை அது நிற்கும் இடத்தை வைத்து அளக்க வேண்டும் என்பதே அந்த எண்ணம்.

நம் மாநிலத்தின் 7.5 சதவீத ஒதுக்கீடும் அதே சிந்தனையில் பிறந்ததுதான். நீதியரசர் கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவர்களின் நிலையை ஆராய்ந்து 10 சதவீதம் தரலாம் என்றது. அரசு 7.5 சதவீதம் என முடிவு செய்தது. 2020 அக்டோபர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. பிள்ளைகள் ஒரே ஆண்டில் திடீரென்று அறிவாளிகள் ஆகிவிடவில்லை. திறமை முன்பே இருந்தது, கதவுதான் திறக்கவில்லை. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. இது மேல்நிலைக்காரர்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், வனத்துறை நடத்தும் பள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளி அடங்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் தகுதி உண்டு. ஆனால் நம் பக்கத்தில் நடப்பது என்ன? ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் சேர்ப்பார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு கட்டணம் கட்ட முடியாமல் நம்மிடம் திரும்பி வருவார்கள். அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்காது. இதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய நேரம் ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாள். சொல்ல வேண்டியவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். முடிவு அவர்களுடையதுதான், ஆனால் தெரிந்து எடுக்கட்டும்.

இனி, நான் இங்கே சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. என் பணிக்காலத்தில் நான் செய்த தவறு அது.

2012ஆம் ஆண்டு. சோமனூர்ப் பக்கம் ஒரு மாணவி. அப்பா ஜாப் ஒர்க்குக்குத் தறி ஓட்டுபவர். அந்தப் பெண் கணிதத்தில் 200க்கு 200 வாங்கினாள். கட்-ஆஃப் 194. பள்ளி வாசலில் பெரிய பேனர் வைத்தோம். நான் அவளுக்குப் பேனா பரிசளித்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கலந்தாய்வுக்கு நேரில் சென்னைக்குப் போக வேண்டும். அப்பாவும் மகளும் இரவு இரயிலில் போனார்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில், திரையில் கல்லூரிப் பெயர்கள் ஓடின. அத்தனை பெயர்களில் அந்த அப்பாவுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அந்தக் கல்லூரியின் பேருந்து தினமும் அவர் வீட்டு வழியே போகும். அதையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பாடப்பிரிவு நிச்சயம் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண் அது. ஊரிலிருந்து போய்வரும் தூரம், கட்டணமும் சொற்பம். அவர்கள் சேர்ந்த இடத்திலோ நான்கு வருடமும் கட்டணத்துக்கு அந்தத் தறிகள் இரவு பகலாக ஓடின.

சில ஆண்டுகள் கழித்துக் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தாள். பேச்சுவாக்கில், “சார், ஜி.சி.டி.ன்னு ஒரு காலேஜ் இருக்குதுன்னே எனக்குக் காலேஜ்ல சேர்ந்து முதல் வருசத்துலதான் சார் தெரிஞ்சுது” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பேருந்து வந்தும் ஏறத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து கல்லூரிகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. படித்த குடும்பத்தில் அந்தத் தாளை அப்பாவோ மாமாவோ எழுதிக் கொடுத்துவிடுவார். கட்டணம் வாங்கும் பள்ளியில் அதற்கென்று ஆள் இருப்பார். நம் பிள்ளைகளுக்கு அதை எழுதிக் கொடுக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. விடைத்தாளில் பள்ளியின் பெயர் இல்லாவிட்டாலும் பள்ளி ஒரு பிள்ளையின் இடத்தை இப்படித்தான் தீர்மானிக்கிறது.

அன்றிலிருந்து நான் எங்கள் பள்ளியில் செய்யத் தொடங்கியவற்றைச் சொல்கிறேன். பெரிய காரியங்கள் இல்லை. உங்களில் பலர் இதைவிடச் சிறப்பாகவே செய்துகொண்டிருப்பீர்கள்.

முதலாவது, பாடப்பிரிவு. உயர்கல்வியின் பாதி முடிவு பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது. கணிதம் எடுக்காத பிள்ளை பின்னால் பொறியியலுக்கு ஆசைப்பட முடியாது. தோழி சேர்ந்த குரூப்பில் தானும் சேர்வது, மதிப்பெண் குறைந்தால் கிடைத்ததில் உட்காருவது என்று இது தற்செயலாக நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே, எந்தப் பிரிவு எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு மணிநேரம் பேசிவிடுங்கள்.

இரண்டாவது, நாள்காட்டி. ஜே.இ.இ. மெயின் முதல் கட்டத் தேர்வு ஜனவரியில். அதற்கான விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. பொதுத்தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பறைச் சுவரில் விண்ணப்பக் கடைசி நாட்களை மட்டும் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்துத் தேதியைத் திருத்துங்கள்.

மூன்றாவது, சான்றிதழ். மாநிலச் சேர்க்கைக்கான சாதிச் சான்று வேறு, மத்திய நிறுவனங்கள் கேட்கும் ஓ.பி.சி. சான்று வேறு. பின்னதை அந்தந்த நிதியாண்டில் புதிதாக வாங்க வேண்டும். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கைக்கு வர நாளாகும். கடைசி வாரத்தில் அலைந்தால் கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்கு மூன்று நாள் சம்பளம் போகும்.

நான்காவது, மொழி. நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஜே.இ.இ. மெயின் தேர்வையும் 2021 முதல் தமிழில் எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. தேர்விலும் தமிழ் உண்டு. ஆனால் ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இதை முன்பே சொல்லி, பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கணித, அறிவியல் கலைச்சொற்களை இரு மொழியிலும் பழக்க வேண்டும். கரும்பலகையில் ‘முடுக்கம்’ என்று எழுதும்போது ‘ஆக்ஸிலரேஷன்’ என்றும் வாய்விட்டுச் சொல்வதற்குக் கூடுதல் நேரம் ஆகாது.

ஐந்தாவது, வணிகவியல், கலைப்பிரிவுப் பிள்ளைகள். உயர்கல்வி வழிகாட்டல் என்றாலே அறிவியல் பிரிவை மட்டும் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். சி.யு.இ.டி. மூலம் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும், நம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அவர்களும் போகலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2021இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை.

ஆறாவது, விருப்பப் பட்டியல். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. சென்னைக்குப் போக வேண்டாம். ஆனால் கல்லூரிகளை எந்த வரிசையில் பதிவு செய்கிறோமோ, அந்த வரிசைப்படிதான் இடம் வரும். பிரவுசிங் சென்டர்காரர் சொன்ன வரிசையில் நம் பிள்ளையின் நான்கு ஆண்டுகள் போய்விடக் கூடாது. நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், அந்த நாட்களில், ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இதற்கெல்லாம் துணையாக அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய நான் முதல்வன், 38 மாவட்டங்களிலும் உள்ள மாதிரிப் பள்ளிகள், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் நம் கோவை அரசு கலைக் கல்லூரியிலேயே தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன். திட்டம் சென்னையில் தீட்டப்படுகிறது. பிள்ளையின் காதுக்கு அது வந்து சேரும் கடைசி நூறு அடி நம் வகுப்பறையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெரிய கல்லூரி கிடைக்காத பிள்ளை தோற்ற பிள்ளை என்ற எண்ணத்தை நாம் விதைத்துவிடக் கூடாது. பேனரில் படம் வராத 59 பேரும் நம் பிள்ளைகள்தான். பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியில் புகுமுக வகுப்பும், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இளநிலைப் பொறியியலும், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் முதுநிலையும் படித்தவர். படிப்பெல்லாம் ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான். 2008 அக்டோபர் 22இல் நிலவுக்குக் கிளம்பிய சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் அவர். தூரத்து ஐ.ஐ.டி.யைக் காட்டும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல கல்லூரியையும் காட்டுங்கள். சோமனூர்ப் பெண்ணுக்கு நான் காட்டத் தவறியது பக்கத்தில் இருந்ததைத்தான்.

அந்தத் தந்தை என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பூமியை அடமானம் வைக்கவில்லை. பையன் எங்களிடமே படித்தான். மருத்துவம் கிடைக்கவில்லை. வேளாண்மைப் பட்டப்படிப்பில் சேர்ந்தான். சேர்ந்த அன்று இரவு அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “நீங்க எழுதிக் குடுத்த தாளத்தான் சார் அப்படியே பார்த்துப் போட்டோம்” என்றார். அந்தத் தாளில் இருந்தவை ஏழு கல்லூரிகளின் பெயர்கள், இரண்டு தேதிகள், மூன்று சான்றிதழ்கள். அவ்வளவுதான்.

நாளை பள்ளிக்குப் போனதும் பன்னிரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு தாளை எழுதிக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லை என்று வரும் பெயர்களுக்கு அந்த ஆள் நீங்கள்தான்.